தனித்தனியே ஏமாறும் தன்னாட்சி

அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மென்பொருள், மின்னிதழ், சர்வர் போன்றவற்றைக் கூட்டாகப் பேரம் பேசி வாங்கட்டும், மாணவர் தரவுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று எந்தக் கூட்டத்திலாவது சொல்லிப் பாருங்கள். "அப்படியானால் எங்கள் தன்னாட்சி என்ன ஆவது?" என்ற கேள்வி உடனே எழும். ஆட்சிக்குழு உறுப்பினர் கேட்பார், ஆசிரியர் சங்கத் தலைவர் கேட்பார், பதிவாளரும் கேட்பார். வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த மூன்று தரப்பும் இதில் மட்டும் ஒரே குரலில் பேசுவதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது.

அவர்கள் தரப்பு இதுதான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு சட்டத்தின்படி இயங்குகிறது. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பது அதன் உரிமை. பொதுக் கொள்முதல் என்றால் கோட்டையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் எல்லாருக்குமாக முடிவெடுப்பார். ஒவ்வொரு நிறுவனத்தின் தேவையும் வேறு. டெண்டர் பெரிதானால் கமிஷனும் பெரிதாகும். தரவெல்லாம் ஓரிடத்தில் குவிந்தால் ஒரே நாளில் எல்லாம் களவு போகும். கடைசி இரண்டு அச்சங்களுக்கும் ஆதாரம் உண்டு. அவற்றைத் தட்டிக் கழிக்கப் போவதில்லை. ஆனால் விவாதத்தைத் தொடங்கவே விடாமல் வாசலை அடைத்து நிற்பது முதல் வாதம். அதைத்தான் முதலில் அகற்ற வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உயர்கல்வித் துறையின் கீழ் 13 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பதின்மூன்றிலும் தேர்வுப் பிரிவு உண்டு. பதிவெண் கொடுப்பது, ஹால் டிக்கெட் அச்சிடுவது, அக மதிப்பெண்ணைப் பெறுவது, அரியர் கணக்கு, மறுமதிப்பீடு, மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் என்று வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஓரிடத்தில் அகமும் புறமும் 25க்கு 75, இன்னோரிடத்தில் 40க்கு 60. ஒரு நல்ல மென்பொருளில் அது இரண்டு எண்களை மாற்றும் வேலை. "எங்கள் தேவை வேறு" என்ற வாதத்துக்கு இதற்கு மேல் இடம் கொடுக்கத் தேவையில்லை.

இந்த ஒரே வேலைக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே ஸ்பெசிபிகேஷன் எழுதுகிறார்கள், தனித்தனியே டெண்டர் விடுகிறார்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் கணினித் துறைப் பேராசிரியர் ஒருவரும் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒருவரும். இருவருக்கும் இது கூடுதல் பணி. எதிரே உட்காருகிறவருக்கோ விற்பதுதான் முழுநேரப் பணி. ஒரு நிறுவனம் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு ஒரே சரக்கை விற்றால், விற்பவருக்கு மூன்று விலையும் தெரியும். வாங்குபவருக்குத் தன் விலை மட்டும்தான் தெரியும். பேரத்தில் இதைவிடப் பலவீனமான இடம் உண்டா? இந்தப் பலவீனத்துக்குத்தான் தன்னாட்சி என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம்.

ஒப்பந்தம் முடியும்போதுதான் உண்மையான சங்கடம் தெரியும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு மதிப்பெண் முழுக்க அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் கிடக்கும். எந்தப் பட்டியலில் எந்தத் தகவல், எதற்கு எது இணைப்பு என்ற வரைபடம் பல்கலைக்கழகத்திடம் இருக்காது. கேட்டால் ஆயிரக்கணக்கான பிடிஎஃப் கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டை விற்றவரே சாவியையும் வைத்துக்கொண்ட கதை. அடுத்த செமஸ்டர் தேர்வோ தலைக்கு மேல் நிற்கும். வேறு வழியில்லாமல் அதே நிறுவனத்துக்கே நீட்டிப்பு. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிடைக்கக்கூடிய பொருளுக்கு விலக்கு அளிக்கிறது. முதல் ஒப்பந்தத்தைச் சரியாக எழுதாத குற்றத்துக்கு இரண்டாவது ஒப்பந்தத்தில் அந்த விலக்கு அடைக்கலம் தருகிறது. இந்த ஏற்பாட்டில் ஆள்வது யார் என்று தன்னாட்சிக் காவலர்கள் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

தனியாக வாங்கினால் ஆபத்து சிறியதாக இருக்கும் என்றும் சொல்வார்கள். மும்பைப் பல்கலைக்கழகம் 2017இல் விடைத்தாள்களைத் திரையில் திருத்தும் முறையைத் தனியாகவே முடிவெடுத்து, தனியாகவே ஒரு நிறுவனத்தை அமர்த்தி, ஒரே பருவத்தில் எல்லாப் படிப்புகளுக்கும் கொண்டுவந்தது. சுமார் 17 லட்சம் விடைத்தாள்கள். ஜூலை 31க்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்று ஆளுநர் கெடு விதித்தார். கெடு கடந்தது, முடிவுகள் வரவில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் வாங்கியிருந்தவர்கள் கையில் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தரே பதவிநீக்கம் செய்யப்பட்டார். தாங்களே திட்டமிட்டு, தாங்களே வாங்கி, தாங்களே வீழ்ந்த கதை இது. ஏற்கெனவே அந்த முறையைச் சிறிய அளவில் செய்து பார்த்த நாலு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தால், எல்லாப் படிப்புக்கும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்று யாராவது ஒருவர் கையைப் பிடித்திருப்பார்.

இலவசமாக வாங்குவதிலும் இதே கதைதான். கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு அளவில்லாச் சேமிப்பிடம் தந்துகொண்டிருந்தது. கரோனா காலத்தில் வகுப்புக் காணொளி, ஒப்படைப்பு, மின்னஞ்சல் எல்லாம் அங்கே குடியேறின. 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது: 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட்தான். ஒரு கல்லூரி எழுதும் ஆட்சேபக் கடிதத்தை அந்த நிறுவனத்தில் யார் படிப்பார்கள்? ஒரு மாநிலத்தின் எல்லா அரசுக் கல்லூரிகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டு அனுப்பினால் குறைந்தது பதிலாவது வரும்.

பதில் என்ன, இறங்கியே வருவார்கள் என்பதற்குக் கலிபோர்னியா சாட்சி. அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பத்து வளாகங்களைக் கொண்ட அரசு நிறுவனம். அமெரிக்காவில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு அந்த வளாகங்களிலிருந்து வருகிறது. இதழ்ச் சந்தாவுக்கும் கொடு, கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிடவும் கொடு என்று எல்சவியர் பதிப்பகம் இரண்டு பக்கமும் வசூலித்ததை எதிர்த்து, 2019 பிப்ரவரியில் பத்து வளாகங்களும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. இரண்டு ஆண்டு சந்தா இல்லாமலே ஓட்டினார்கள். 2021 மார்ச்சில் பதிப்பகம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த வளாகங்களின் ஆய்வாளர்கள் எழுதுவதை உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்கலாம் என்பது அதன் அடிப்படை. பெர்க்லி வளாகம் தனியாக முறித்துக்கொண்டிருந்தால் பதிப்பகத்தின் கணக்கில் ஒரு வாடிக்கையாளர் குறைந்திருப்பார், அவ்வளவுதான். அந்தப் பத்து வளாகங்களில் எந்த வளாகமும் தன்னாட்சி போய்விட்டது என்று புலம்பவில்லை. என்ன படிப்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதில் பதிப்பகத்துக்கு என்ன வேலை?

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2020க்கு முன் அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் சேர வேண்டுமானால் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரில் போய் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்க வேண்டும். கரோனா வந்ததால் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே இணையதளம் வந்தது. பெருந்தொற்று முடிந்தும் அது நின்றுவிடவில்லை. இன்று கிராமத்துப் பெண் ஒருத்தி 50 ரூபாய்க்குள் பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கிறாள். ஆனால் தரவரிசைப் பட்டியலை வெளியிடுவதும் கலந்தாய்வு நடத்துவதும் இடம் கொடுப்பதும் இன்றும் அந்தந்தக் கல்லூரி முதல்வரின் பொறுப்பு. படிவம் பொது, முடிவு தனி. கூட்டாகச் செய்தால் அதிகாரம் பறிபோகும் என்பவர்கள் ஜூன் மாதத்தில் ஏதாவது ஓர் அரசுக் கல்லூரியின் கலந்தாய்வு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் அப்படித்தான். 2019 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் பல்கலைக்கழகங்களுக்கு அதைப் பொதுவாக வாங்கித் தருகிறது. முதலில் உர்குண்ட், பிறகு ட்ரில்பிட். இடையில் விற்பவர் மாறினார். தனியாக வாங்கிய பல்கலைக்கழகம் ஒன்று இவ்வளவு எளிதாக விற்பவரை மாற்றியிருக்க முடியுமா?

கூட்டாக வாங்குவதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என்று ஏறத்தாழ 1.8 கோடிப் பேர். கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் அளவில் வருகிறது. மலையோர அரசுக் கல்லூரி மாணவருக்கும் சென்னை ஐஐடி மாணவருக்கும் ஒரே இதழ் திறக்கிறது என்பது சிறிய விஷயமில்லை, வரவேற்கிறேன். ஆனால் இந்தப் பேரத்தில் கல்லூரிகள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தன? எந்த இதழ் வேண்டும், எது வேண்டாம் என்று அவற்றின் சார்பில் யார் பேசினார்கள்? மேலிருந்து வாங்கிக் கொடுப்பதும் கீழிருந்து சேர்ந்து வாங்குவதும் ஒன்றல்ல. தன்னாட்சி பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, முதலாவதன் குறையைக் காட்டி இரண்டாவதை நிராகரிக்கிறார்கள்.

கூட்டுக் கொள்முதல் கவிழ்ந்த கதையும் கலிபோர்னியாவிலேயே உண்டு. அங்குள்ள இன்னோர் அரசு அமைப்பான கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி தன் 23 வளாகங்களுக்கும் ஒரே நிர்வாக மென்பொருளை வாங்கியது. மாநிலத் தணிக்கையாளர் 2003இல் வெளியிட்ட அறிக்கை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது: ஒன்பது ஆண்டில் 66 கோடி டாலருக்கு மேல் செலவாகும், சொன்னதைவிட அதிகம், கிடைத்த பயனோ குறைவு. எதிர்வாதிகளுக்கு இது வெல்லக்கட்டி. ஆனால் அறிக்கை குறை சொன்னது எதை என்று பாருங்கள். இந்தத் திட்டம் தேவைதானா, கட்டுப்படியாகுமா என்ற முறையான ஆய்வு முதலில் செய்யப்படவில்லை. கொள்முதலில் சந்தேகத்துக்கு இடமான போக்குகள் இருந்தன. இவை எந்தக் கொள்முதலையும் கவிழ்க்கும். இன்னொன்று: அது பெரிய ஒப்பந்தம் என்பதால்தான் தணிக்கையாளரின் கண்ணில் பட்டது. பதின்மூன்று பல்கலைக்கழகங்களின் பதின்மூன்று சிறிய ஏமாற்றங்கள் பதின்மூன்று அலமாரிகளில் தூங்கும்.

பெரிய டெண்டர் பெரிய கமிஷன் என்ற அச்சத்துக்கும் இதுவே பதில். சிறிய டெண்டரில் கமிஷன் இல்லையா என்ன? கொட்டேஷன் வாங்கும் அளவுக்கு வேலையைத் துண்டுபோடுவது எந்த அலுவலகத்துக்குத் தெரியாது? உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் அழிந்துபோகும் என்ற கவலையில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, ஒரே நிறுவனத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்காமல் மூன்று நான்கு நிறுவனங்களுடன் விலையை மட்டும் கூட்டாகப் பேசி முடித்துவிட்டு, யாரிடம் வாங்குவது என்பதை அந்தந்தக் கல்லூரியிடமே விடுவது.

இனி தரவு. எந்த அரசுக் கலைக் கல்லூரி அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஓர் இளநிலை உதவியாளரோ, கூடுதல் பொறுப்பு சுமத்தப்பட்ட உதவிப் பேராசிரியரோ கணினி முன் உட்கார்ந்திருப்பார். எத்தனை மாணவர், எத்தனை மாணவியர், எந்த வகுப்பினர், எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் முனைவர் பட்டம் பெற்றவர் என்று அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு நிரப்புவார். அதே விவரம் நாக் தரமதிப்பீட்டுக்கு வேறு படிவத்தில். அதே விவரம் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு இன்னொரு படிவத்தில். பல்கலைக்கழக இணைப்புப் புதுப்பிப்புக்கு மறுபடியும். உதவித்தொகைக்கு மாநில அரசின் யுமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே. ஒரே எண்ணை ஐந்து இடத்தில் தட்டும்போது இரண்டு இடத்தில் தவறும். அந்தத் தவறுக்கு விளக்கம் கேட்டு அடுத்த மாதம் கடிதம் வரும்.

தரவைப் பகிர்ந்தால் தன்னாட்சி போகும் என்பவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தரவு தினமும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரிக்குத்தான் போவதில்லை. கேட்கிறவர் அதிகாரி என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். சக நிறுவனம் கேட்டால் மட்டும் அந்தரங்கமும் சுயமரியாதையும் நினைவுக்கு வருகின்றன.

பகிராததற்கு விலை கொடுப்பவர்கள் யார்? 'உண்மைத்தன்மை' என்ற வார்த்தையைக் கேட்டாலே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தலை சுற்றும். பட்டச் சான்றிதழின் நகலும் வங்கி வரைவோலையும் இணைத்து, தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகம், அங்கிருந்து பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு. அங்கே பழைய லெட்ஜரைப் புரட்டி, கையெழுத்தாகி, வந்த வழியே திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தேர்வுநிலை உத்தரவு நிற்கும். அரசுப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தை அரசு அலுவலகமே நம்ப முடியாமல் தபாலில் விசாரிக்கிறது. பட்டம் டிஜிலாக்கரில் இருந்தாலும் கடிதம்தான் வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்துவிட்டு இன்னோர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேருகிறவரிடம் இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்பதும் இதே வகை. இரண்டுக்கும் சட்டம் இயற்றியது ஒரே சட்டமன்றம்.

பகிராததால் லாபம் அடைகிறவர்களும் உண்டு. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பல்கலைக்கழகம் பின்னர் விசாரணையில் இறங்கியது. ஆசிரியர் எண்ணிக்கையை வைத்துத்தான் இணைப்பே தரப்படுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தன்னார்வ இயக்கம் வர வேண்டியிருந்தது. இதே ஆட்கள் வேறு பல்கலைக்கழகத்தின் கல்லூரியிலும் கணக்கில் இருந்தால் அதை இன்று கண்டுபிடிக்க வழியேதும் உண்டா? தரவு தனித்தனியாக இருப்பது யாருக்கு வசதி என்று இதைப் பார்த்தபின் சந்தேகம் வேண்டியதில்லை.

ஆனால் களவு போகும் என்ற அச்சம் வெற்று அச்சமில்லை. அமெரிக்காவில் கல்லூரிகளின் மாணவர் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் அமைப்பு, 2023இல் மூவிட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகத் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 890 கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே குடோனில் அடுக்கினால் இதுதான் கதி. அதனால்தான் குடோன் வேண்டாம் என்கிறேன். பட்டம் உண்மையா என்று கேட்டால் "ஆம்" அல்லது "இல்லை" என்ற பதில் போதும். மாணவரின் ஆதாரும் சாதிச் சான்றும் அப்பா பெயரும் எதற்கு? தரவு அந்தந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்லும் வாசல் மட்டும் பொதுவாக, ஒரே வடிவத்தில் இருக்கட்டும். யார், எப்போது, எதற்குக் கேட்டார்கள் என்பது பதிவாகட்டும்.

இப்போதைய நிலையைப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆதார் நகல் துறை வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. மதிப்பெண் எக்செல் கோப்பு பென் டிரைவில் வீட்டுக்குப் போகிறது. பகிர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது, விதிதான் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சம்பளத்துக்கே திண்டாடும் பல்கலைக்கழகம் ஒன்று இணையப் பாதுகாப்பு வல்லுநரைத் தனியாக வேலைக்கு வைக்குமா? பதின்மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு நல்ல குழுவையே வைக்கலாம்.

டெல்லி பயம் ஒன்று பாக்கி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சமர்த்' நிர்வாக மென்பொருளை நாடு முழுவதும் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. அதை ஏற்றால் மாநில உரிமை போய்விடும் என்கிறார்கள். சரி, ஏற்க வேண்டாம். அப்படியானால் மாற்று எங்கே? கிண்டிப் பொறியியல் கல்லூரியை வைத்துக்கொண்டு, நம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதிக்கொள்ள முடியாதா? மத்திய அரசின் பிடி பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் எல்லாருக்கும் முன்னால் ஒன்றுசேர வேண்டும். தனித்தனியாக நிற்கும் பதின்மூன்று பேரை மடக்குவதுதான் டெல்லிக்கும் சுலபம், கம்பெனிக்கும் சுலபம்.

நான் கேட்பது துறைச் செயலாளர் தலைமையில் இன்னொரு கமிட்டி இல்லை. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மூலம் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்பதும் இல்லை. 2011 முதல் லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிய அனுபவம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. தேர்வுப் பிரிவின் தலைவலி அதற்குத் தெரியாது. பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு கூட்டமைப்பு, உறுப்பினருக்கு ஒரு வாக்கு, சேரவும் விலகவும் உரிமை, வாங்கிய விலை அனைத்தும் இணையதளத்தில், ஒப்பந்தம் முடிந்தால் தரவு முழுதும் வரைபடத்தோடு திரும்ப வர வேண்டும் என்ற நிபந்தனை. இவ்வளவுதான். இதில் எந்த ஷரத்து தன்னாட்சியைப் பறிக்கிறது என்று எதிர்ப்பவர்கள் காட்டட்டும்.

ஆட்சிக்குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு மென்பொருள் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பொருள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதே வேலைக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் எவ்வளவு கொடுக்கிறது? நாளைக்கே இந்த நிறுவனத்தை விட்டுவிட்டால் நம் மாணவர்களின் மதிப்பெண் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் நம் கைக்கு வரும்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.